பங்கும் எல்லையும்: பனூ இஸ்ராயீலின் காணிப் பங்கீட்டில் நமக்குள்ள படிப்பினைகள்

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் புரட்டுபவர்கள் 'சுதந்தரம்' என்ற சொல்லை அடிக்கடி சந்திப்பார்கள். இன்று நாம் அந்தச் சொல்லைக் கேட்டால் பெப்ரவரி 4ஆம் திகதியும் கொடியேற்றமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் எண்ணாகமத்திலும் யோசுவாவின் புத்தகத்திலும் அந்தச் சொல்லுக்கு விடுதலை என்று பொருளில்லை. தகப்பன் வழியாக வந்து சேரும் உரிமைக் காணி என்பதே அங்கே அதன் பொருள். ஈழத்துத் தமிழில் அதற்கு நேரான சொல் ஒன்று நம்மிடம் இருக்குதானே: முதுசம்.

ஹீப்ரு மூலத்தில் அந்த இடங்களில் பெரும்பாலும் வருவது 'நஹலா' என்ற சொல். அதன் வேரெழுத்துகளான நூன், ஹா, லாம் மூன்றும் அறபியிலும் உண்டு. ஸூறதுன் நிஸாவின் 4ஆம் வசனத்தில் மனைவியருக்குரிய மஹரைப் பற்றிப் பேசுமிடத்தில் 'நிஹ்லா' என்று வருவதை நாம் ஓதியிருக்கிறோம். மனம் உவந்து கொடுக்கும் கொடை என்பது அங்கே அதன் கருத்து. ஹீப்ருவில் சுதந்தரித்தலைக் குறிக்கும் இன்னொரு சொல் 'யாரஷ்'. அறபியின் 'வரிஸ' அதற்கு உடன்பிறப்பு. நாம் வழங்கும் வாரிசு, மீராஸ் ஆகியவை அந்தக் குடும்பத்துச் சொற்கள்தாம். தமிழ்நாட்டுக் கதைகளில் வரும் 'மிராசுதார்' கூட இந்த மீராஸிலிருந்து பிறந்தவர்தான். சொற்களே இப்படி உறவாக இருக்கும்போது, அவற்றைச் சுமந்த சமூகங்கள் காணியையும் பங்கையும் எப்படிப் பார்த்தன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது என்று எனக்குப் படுகிறது.

முதலில் ஒரு வரையறையைச் சொல்லிவிட வேண்டும். பனூ இஸ்ராயீல்களிடமிருந்து வரும் செய்திகளை எடுத்துச் சொல்வதில் குற்றமில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். குர்ஆன் உறுதிப்படுத்துவதை ஏற்போம், அதற்கு முரணானதை விடுவோம், மற்றவற்றை மெய்யென்றும் சொல்லோம் பொய்யென்றும் சொல்லோம் என்பதே நம் அறிஞர்கள் காட்டிய வழி. இக்கட்டுரை அந்த வழியில்தான் நடக்கிறது.

சீட்டும் அளவும்

பனூ இஸ்ராயீல் பன்னிரண்டு கோத்திரங்களாகப் பிரிக்கப்பட்டதை ஸூறதுல் அஃராஃபின் 160ஆம் வசனம் சொல்கிறது. அவர்களுக்கு விதிக்கப்பட்ட புனித பூமிக்குள் நுழையும்படி மூஸா (அலை) அவர்கள் அழைத்ததும், அவர்கள் அஞ்சிப் பின்வாங்கியதும், நாற்பது ஆண்டுகள் அலைந்ததும் ஸூறதுல் மாயிதாவில் வருகின்றன. அப்போது இறையச்சமுள்ள இருவர் மட்டும் துணிந்து பேசினார்கள் என்கிறது குர்ஆன். அவர்கள் யூஷஃ இப்னு நூனும் காலிபும்தான் என்று முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். வேதாகமத்தின் யோசுவாவும் காலேபும் இவர்களே. உள்ளே போன பிறகு காணி எப்படிப் பங்கிடப்பட்டது என்பதைக் குர்ஆன் விவரிக்கவில்லை. அந்த விபரம் யோசுவாவின் புத்தகத்தில் 13ஆம் அதிகாரம் முதல் 21ஆம் அதிகாரம் வரை இருக்கிறது.

ஆறு, மலை, நீரூற்று, ஊர்ப்பெயர் என்று எல்லைகளாகவே போகும் அந்த அதிகாரங்களை வாசிக்கும்போது ஒரு நொத்தாரிசின் மேசையில் கிடக்கும் பழைய உறுதியை வாசிப்பது போலிருக்கும். ரூபன், காத் கோத்திரங்களும் மனாசேயின் பாதிக் கோத்திரமும் யோர்தானுக்குக் கிழக்கே பங்கெடுத்தன. மேற்கே யூதாவும் யூசுஃப் (அலை) வழிவந்த எப்பிராயீமும் மனாசேயின் மறுபாதியும் முதலில் பெற்றன. ஏழு கோத்திரங்கள் பங்கில்லாமல் நின்றன. அப்போது யோசுவா சீலோவில் மக்களைக் கூட்டி, கோத்திரத்துக்கு மூன்று பேரைத் தெரிந்து, நாடு முழுக்க நடந்து பார்த்து ஏழு பங்காக எழுதி வரச் சொன்னார். அவர்கள் எழுதி வந்த பிறகுதான் சீட்டுப் போடப்பட்டது.

இங்கே இரண்டு விதிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்தின்படி ஆட்கள் கூடிய கோத்திரத்துக்குக் கூடிய பங்கும், குறைந்த கோத்திரத்துக்குக் குறைந்த பங்கும் கிடைக்க வேண்டும். அதே நேரம் எந்தப் பங்கு யாருக்கு என்பதைச் சீட்டுத் தீர்மானிக்க வேண்டும். அளவு நியாயத்துக்கு, சீட்டு இறைவனின் நாட்டத்துக்கு. தமிழில் இப்படிப்பட்ட சீட்டுக்குத் 'திருவுளச்சீட்டு' என்று பெயர் வைத்தவர்கள் இந்தக் கருத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். நம் மரபிலும் 'குர்ஆ' உண்டு. மர்யம் (அலை) அவர்களைப் பொறுப்பேற்பது யார் என்பதற்கு எழுதுகோல்களை எறிந்து பார்த்ததை ஆலு இம்றான் கூறுகிறது. பயணம் போகும்போது மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்று நபி (ஸல்) அவர்கள் சீட்டுப் போட்டுப் பார்ப்பார்கள் என்று ஆயிஷா (றழி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

சீட்டு விழுந்தும் முறைப்பாடு ஓயவில்லை. யூசுஃபின் மக்கள் வந்து, நாங்கள் பெருங்கூட்டம், எங்களுக்கு ஒரு பங்கு மட்டும் எப்படிப் போதும் என்று கேட்டார்கள். யோசுவாவும் அதே எப்பிராயீம் கோத்திரத்தவர்தான். சொந்த ஆட்களுக்காக மற்றவர் பங்கில் அவர் கைவைக்கவில்லை. அப்படிப் பெருங்கூட்டமென்றால் மலைக்குப் போய்க் காட்டை வெட்டித் திருத்துங்கள் என்று அனுப்பினார். எல்லாருக்கும் கொடுத்து முடிந்த பிறகே, எப்பிராயீம் மலைநாட்டில் திம்னாத்சேரா என்ற ஊர் அவருக்குக் கிடைத்தது. பங்கு பிரிப்பவர் தன் பங்கைக் கடைசியில் எடுத்தார். குடும்பச் சொத்தைப் பிரிக்க உட்காரும் மூத்த ஆண்மக்களும், பள்ளிவாசல் சொத்துக்களைப் பராமரிப்போரும் இந்த ஒரு செய்தியை மட்டும் மனதில் வைத்தாலே அரைவாசிப் பிரச்சினை தீரும்.

பங்கில்லாத கோத்திரம்

மூஸா (அலை), ஹாறூன் (அலை) இருவரும் வந்த லேவி கோத்திரத்துக்குக் காணிப் பங்கு இல்லை. இறைவனே அவர்களுடைய சுதந்தரம் என்று தவ்றாத்தின் ஏடுகள் கூறுகின்றன. வழிபாட்டுப் பணியும் சட்டத்தைக் கற்பிப்பதும் அவர்களுக்குரிய கடமை. குடியிருக்க மற்றக் கோத்திரங்களின் எல்லைகளுக்குள் 48 பட்டணங்களும், அவற்றைச் சுற்றி மேய்ச்சல் நிலமும் கொடுக்கப்பட்டன. அவற்றில் ஆறு அடைக்கலப்பட்டணங்கள். கைத்தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால், பழிவாங்க வருபவனிடமிருந்து தப்பி விசாரணை வரை பாதுகாப்பாக இருப்பதற்கான இடங்கள் அவை.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. காணிச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவனுக்குச் சொந்தக் காணி இருந்தால் தராசு சாயும். அறிவைச் சுமந்தவர்கள் ஓரிடத்தில் குவியாமல் நாடெங்கும் பரந்திருக்க வேண்டும் என்பதும் இதில் தெரிகிறது. நபிமார்கள் தீனாரையும் திர்ஹமையும் விட்டுச் செல்வதில்லை, அறிவையே விட்டுச் செல்கிறார்கள், உலமாக்கள் அவர்களுடைய வாரிசுகள் என்ற ஹதீஸ் நமக்குத் தெரியும். அந்த ஹதீஸில் வரும் 'வாரிசு' என்ற சொல்லின் கனம், லேவியரின் கதையோடு சேர்த்துப் பார்க்கும்போது இன்னும் நன்றாக விளங்குகிறது.

ஐந்து பெண்மக்கள்

இந்த வரலாற்றிலே என்னை நிறுத்தி வைக்கும் இடம் எண்ணாகமம் 27ஆம் அதிகாரம். மனாசே கோத்திரத்தில் செலொப்பியாத் என்ற ஒருவர் வனாந்தரத்தில் இறந்துபோனார். ஆண்பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்பிள்ளைகள். தகப்பன் பெயரில் பங்கு எழுதப்படாமல் போகப் போகிறது. அந்த ஐந்து பேரும் மூஸா (அலை) அவர்களுக்கும் தலைவர்களுக்கும் முழுச் சபைக்கும் முன்னால் வந்து நின்று கேட்டார்கள். நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "எங்கட வாப்பாக்கு ஆம்புளப் புள்ள இல்ல எண்டதுக்காக அவர்ர பேர் ஏன் அழிஞ்சு போகணும்? எங்களுக்கும் பங்கு தாங்க."

மூஸா (அலை) அவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை, இறைவனிடம் கொண்டு சென்றார்கள் என்கிறது அந்த ஏடு. பெண்மக்கள் சொல்வது சரி என்று பதில் வந்தது. மகன் இல்லாவிட்டால் மகள், மகளும் இல்லாவிட்டால் சகோதரர், பின் தகப்பனின் சகோதரர், பின் நெருங்கிய உறவினர் என்று ஒழுங்கும் வகுக்கப்பட்டது. பின்னர், அந்தக் கோத்திரத் தலைவர்கள் வந்து, இவர்கள் வேறு கோத்திரத்தில் மணம் முடித்தால் காணி கைமாறிவிடுமே என்று முறையிட, தம் கோத்திரத்துக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. கடைசியில் யோசுவாவின் காலத்தில் அவர்கள் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கினார்கள்.

இது கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. 1910இல் சமாரியாவின் இடிபாடுகளை அகழ்ந்த ஹார்வர்ட் குழுவினர் மையால் எழுதப்பட்ட மண்பாண்டத் துண்டுகளைக் கண்டெடுத்தனர். கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, எண்ணெயும் திராட்சை மதுவும் வந்து சேர்ந்த கணக்குகள் அவை. அவற்றில் மனாசே கோத்திரத்துப் பகுதிப் பெயர்களாக நோவாளின் பெயரும் ஒக்லாளின் பெயரும் இருக்கின்றன. வாப்பாவின் பெயர் அழிந்துபோகும் என்று பயந்த பெண்களின் பெயர்களே பல தலைமுறைக்குப் பின்னும் ஊர்ப்பகுதிகளின் பெயர்களாக நின்றிருக்கின்றன.

இப்போது மதீனாவுக்கு வருவோம். ஹிஜ்ரத்துக்குப் பின் முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்தபோது, அப்துர் றஹ்மான் இப்னு அவ்ஃபிடம் "என் சொத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற கருத்தில் பேசிய அன்ஸாரி ஒருவர் இருந்தார். அவர் ஸஃத் இப்னுர் றபீஃ (றழி). ஹிஜ்ரி 3இல் உஹதில் அவர் ஷஹீதானார். அந்நியராக வந்தவருக்குப் பாதிச் சொத்தை நீட்டிய அந்த மனிதரின் இரண்டு பெண்மக்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. அவருடைய சகோதரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். ஸஃதின் மனைவி இரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்று நபியவர்கள் கூறினார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு, தாயாருக்கு எட்டில் ஒன்று, மிச்சம் உமக்கு என்று அந்தச் சகோதரரை அழைத்துச் சொன்னார்கள். ஜாபிர் (றழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. சொத்தை 24 பங்காக வைத்தால் பிள்ளைகளுக்கு 16, உம்மாவுக்கு 3, எல்லாவற்றையும் எடுத்தவருக்கு 5.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தகப்பன் இல்லை, சகோதரன் இல்லை, சொத்து ஆண்களின் கையில். பெண்களே எழுந்து வந்து கேட்கிறார்கள். நபி தன் சொந்தக் கருத்தைச் சொல்லாமல் இறைவனின் தீர்ப்பை எதிர்பார்க்கிறார். இறங்கிய தீர்ப்பு கேட்டவர்களின் பக்கம். வித்தியாசமும் உண்டு. தவ்றாத்தின் ஒழுங்கில் மகன் இருந்தால் மகளுக்குப் பங்கில்லை. குர்ஆனின் ஒழுங்கில் மகன் இருந்தாலும் மகளின் பங்கு அசையாது. மணம் முடிக்கும் கோத்திரத்தைப் பொறுத்தும் அது மாறாது. காணி கோத்திரத்தில் நிற்க வேண்டும் என்பது அங்கே முதன்மை. ஆளுக்குரியது ஆளிடம் சேர வேண்டும் என்பது இங்கே முதன்மை.

அப்படியானால் நம் வீடுகளில் நடப்பது என்ன? இலங்கையில் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் ஷரீஅத்தின் பங்கீட்டை நாட்டின் சட்டமாகவே ஏற்றிருக்கிறது. சட்டத்தில் குறைவில்லை. ஆனால் வாப்பா மௌத்தாகிச் சில மாதங்கள் போனதும் சகோதரிகளிடம் ஒரு தாள் வருகிறது. "ஒங்களுக்குக் கலியாணத்துக்குச் செலவழிச்சதுதானே, இதில ஒரு கையொப்பம் வைங்க" என்று கேட்கப்படுகிறது. கிழக்கிலே தாய்வழிக் குடி வழக்கப்படி வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போவதால், "ஒனக்குத்தான் வீடு தந்தாச்சே" என்று வயல் பங்கு மறுக்கப்படுவதும் உண்டு. மறுபக்கம், தங்கச்சிமாருக்கு வீடு கட்டியே இளமையைத் தொலைத்த நாநாமாருக்கு ஒரு பங்கும் எழுதப்படாத குடும்பங்களும் உண்டு. வழக்கம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அல்லாஹ் எழுதிய பங்குக்கு மேலே வழக்கத்தை வைத்துவிட்டோம் என்பதுதான் உண்மை. மனமொத்து விட்டுக்கொடுப்பது வேறு. கேட்டால் உறவு முறிந்துவிடும் என்று பயந்து வைக்கும் கையொப்பம் மனமொப்பிய கொடையாகாது, அதில் நிஹ்லாவின் வாசனையே இல்லை. செலொப்பியாத்தின் பெண்மக்கள் முழுச் சபைக்கு முன்னால் கேட்டதை அவர்களுடைய வேதம் பெருமையாகப் பதிந்து வைத்திருக்க, தன் ஹக்கைக் கேட்கும் சகோதரியைப் பேராசைக்காரி என்று சொல்ல நமக்கு எங்கிருந்து தைரியம் வந்தது?

நாபோத்தின் தோட்டம்

பங்கு கொடுத்தால் போதுமா? வலியவன் கையில் அது திரும்பப் போய்ச் சேராமல் காப்பதும் வேண்டும். லேவியராகமம் 25ஆம் அதிகாரம் இதற்காக யூபிலி வருஷத்தை வைத்தது. வறுமையால் விற்ற காணி ஐம்பதாம் ஆண்டில் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். விலையும் யூபிலிக்கு எத்தனை அறுவடை மிச்சம் என்று கணக்கிட்டே தீர்மானிக்கப்படும். அதாவது விற்கப்படுவது விளைச்சல்தான், நிலமல்ல. ஏழாம் ஆண்டுதோறும் நிலத்துக்கும் ஓய்வு. நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்கியிருக்கும் வழிப்போக்கர்கள் என்ற கருத்தை இறைவன் அங்கே காரணமாகச் சொல்கிறான்.

இந்த ஒழுங்கு உடைந்த கதை 1 இராஜாக்கள் 21இல் இருக்கிறது. யெஸ்ரயேலில் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். ஆகாப் ராஜா அதைக் கேட்டான். அதைவிட நல்ல தோட்டம் தருவதாக, இல்லையென்றால் காசு தருவதாகச் சொன்னான். சந்தைக் கணக்கில் நியாயமான பேச்சுத்தான். ஆனால் அது நாபோத்தின் முதுசம், விலைக்குரிய பொருளல்ல. அவன் மறுத்தான். ராணி யேசபேல் இரண்டு பொய்ச் சாட்சிகளை உட்காரவைத்து, அவன் இறைவனையும் ராஜாவையும் நிந்தித்தான் என்று சொல்லவைத்து, கல்லெறிந்து கொல்லச் செய்தாள். தோட்டத்தைப் பார்க்க ஆகாப் இறங்கிப் போன இடத்தில் எலியா, அதாவது நாம் அறியும் இல்யாஸ் (அலை) அவர்கள், எதிரே நின்றார்கள்.

ஒரு சாண் காணியை அநியாயமாக எடுத்தவனுக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். காணியின் எல்லை அடையாளத்தை மாற்றுபவனை அல்லாஹ் சபிக்கிறான் என்று அலீ (றழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உண்டு. அயலவனின் எல்லைக்குறியை ஒதுக்குபவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமமும் கூறுகிறது. வேலியை இரவோடிரவாக ஓரடி தள்ளிக் கட்டுபவன் இரண்டு வேதங்களுக்கும் எதிரே நிற்கிறான்.

பூமி யாருடையது

யோசுவாவின் எல்லைப் பட்டியலை இன்றைய காணி உறுதி போல நீட்டிப் பலஸ்தீனத்துக்கு உரிமை கோருவோர் இருக்கிறார்கள். யூதர்களுக்குள்ளேயே இதை ஏற்காதவர்களும் உண்டு. அந்தப் பட்டியலைப் பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. யூதாவின் ஊர்ப்பட்டியல் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யோசியா ராஜாவின் ஆட்சிப் பிரிவுகளைக் காட்டுகிறது என்று ஜெர்மானிய அறிஞர் அல்பிறெக்ட் ஆல்ற் வாதிட்டார். ஊர் ஊராக மக்களைக் கொன்றொழித்ததாக அதே புத்தகம் கூறுவனவற்றை நாம் நபிமார்களின் மீது சுமத்தவும் மாட்டோம்.

ஆனால் அந்த ஏடுகளையே முழுமையாக வாசித்தால் என்ன தெரிகிறது? உரிமை நிபந்தனையோடு வந்தது. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போனவர்களை ஏசாயாவும் மீகாவும் கண்டித்தார்கள். கேட்கவில்லை. கி.மு. 722 அளவில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்து வடக்குக் கோத்திரங்கள் சிதறின. கி.மு. 586 அளவில் ஜெரூஸலமும் வீழ்ந்தது. மக்கள் கொடுக்க மறுத்த ஓய்வை நிலம் தானே எடுத்துக்கொண்டது என்று நாளாகமம் அதற்கு விளக்கம் சொல்கிறது. அந்தச் சிறைவாசத்தில் எழுந்த எசேக்கியேலின் 47ஆம் அதிகாரத்தில் புதிய பங்கீடு ஒன்று வருகிறது. அதில், உங்களிடையே தங்கிப் பிள்ளை பெற்று வாழும் அந்நியருக்கும் சுதேசிகளைப் போலவே, அவர் எந்தக் கோத்திரத்தின் நடுவே வாழ்கிறாரோ அங்கேயே பங்கு கொடுங்கள் என்று கட்டளை இருக்கிறது. வந்து தங்கியவருக்கே பங்கு கொடு என்ற வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக ஒலிவ் மரம் வளர்த்தவனை வெளியேற்ற முடியாது. 1948இல் வீட்டைப் பூட்டித் திறப்போடு வெளியேறிய பலஸ்தீனரும் நாபோத்தின் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, உறுதிக் கடதாசியை மட்டும் பெட்டிக்குள் வைத்திருந்த நம்மவர்களுக்கு முதுசம் என்ற சொல்லின் வலியை யாரும் விளக்கத் தேவையில்லை.

பூமி அல்லாஹ்வுக்குரியது, தன் அடியார்களில் தான் நாடியவர்களை அதற்கு வாரிசாக்குகிறான், நல்ல முடிவு இறையச்சமுள்ளவர்களுக்கே என்ற கருத்தை மூஸா (அலை) அவர்கள் தம் சமூகத்துக்குச் சொன்னதாக அஃராஃபின் 128ஆம் வசனம் கூறுகிறது. ஸாலிஹான அடியார்களே பூமிக்கு வாரிசாவர் என்று ஸபூரில் எழுதியிருப்பதாக ஸூறதுல் அன்பியாவும் கூறுகிறது. இரண்டு இடத்திலும் வாரிசுரிமைக்கு அளவுகோல் இரத்தமல்ல, நடத்தை. இது பனூ இஸ்ராயீலுக்கு மட்டும் சொன்னதென்று நினைத்தால் நாம் ஓதியதில் பயனில்லை.

யோசுவாவின் ஏட்டில் எல்லை என்பது ஆறும் மலையும் கல்லும். ஸூறதுன் நிஸாவில் வாரிசுப் பங்குகளைச் சொல்லி முடித்ததும், 13ஆம் வசனத்தில் அல்லாஹ் அந்தப் பங்குகளையே தன் 'ஹுதூத்' என்று பெயரிடுகிறான். ஹுதூத் என்றால் எல்லைகள். மகளின் பங்கு ஓர் எல்லைக்கல். விதவையின் எட்டில் ஒன்று ஓர் எல்லைக்கல். அடுத்த வளவின் கல்லைத் தொடப் பயப்படும் நாம், நம் வீட்டுக்குள்ளே நாட்டியிருக்கும் இந்தக் கற்களை எத்தனை முறை பிடுங்கியிருக்கிறோம் என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டிய இடம் பிரிக்கப்படாமல் கிடக்கும் ஒவ்வொரு வாப்பாவின் காணியும்தான்.